காலைச் சீட்டும் மதியச் சீட்டும்

"அம்மா, தொடைச்ச அழுக்கு எங்க போகும்?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. கேட்டது ஓடும் பேருந்தில். அதற்குச் சற்று முன்புதான் இருக்கை, அம்மாவின் கை, தன் சட்டை என்று எதையும் விட்டுவைக்காமல் வாந்தி எடுத்து முடித்திருந்தாள்.

"துணிக்குப் போகும்."

"துணியில இருந்து?"

"தண்ணிக்கு."

"தண்ணியில இருந்து?"

அம்மா முந்தானையால் அவள் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவே முடியாத அவமானத்தில் இருந்தாள். முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். பின்னால் யாரோ "உவ்வே" என்றார்கள். நடத்துனர் நான்கு இருக்கை தள்ளி நின்றபடியே, "புள்ளையக் கூட்டிட்டு வர்றவங்க ஒரு கவர் எடுத்துட்டு வர மாட்டாங்களா?" என்று சத்தம் போட்டார்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் மட்டும் தன் பையைத் திறந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், இருக்கையைத் துடைத்தாள், கடைசியில் அம்மாவின் கையையும் பிடித்து, விரல் விரலாகத் துடைத்தாள்.

"குழந்தை வாந்திக்குப் போயா மூக்கைப் பொத்துறாங்க? மனுஷங்க வாயில இருந்து வர்றதுலயே இதுதான் கொஞ்சம் சுத்தம்."

சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். "துண்டு, துண்டு" என்று அம்மா பின்னாலேயே கூப்பிட்டதற்கு, "வெச்சுக்கோ, வீடு போற வரைக்கும் வேணும்" என்று கீழிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

துண்டின் மூலையில் சிவப்பு நூலால் நாற்பத்தேழு என்று எண் தைத்திருந்தது. அம்மா அதை மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். என்றாவது பார்த்தால் கொடுக்க வேண்டும். ஆனால் பார்த்தாலும் எப்படித் தெரியும்? வழி முழுக்கத் தலையைக் குனிந்தே இருந்தவளுக்கு அந்த முகம் ஞாபகத்தில் இல்லை. குரலும் அந்த எண்ணும்தான் இருந்தன. நான்கு வருடம் அப்படியே ஓடிப்போயிற்று.

குழந்தையின் அம்மாவுக்கு வேலையிடத்தில் பெயர் ரசீதம்மா. செல்போன் சர்வீஸ் சென்டர் ஒன்றில் கவுண்டரில் உட்கார்ந்து பழுதான போன்களை வாங்கிக்கொள்ளும் வேலை. எதைச் செய்தாலும் ஒரு சீட்டை அச்சடித்துக் கம்பியில் குத்தி வைப்பாள். தேநீருக்குக்கூட ரசீது கேட்பாள் என்று கேலி பண்ணிப் பண்ணி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. காகிதத்தில் இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று நம்புகிறவள் அவள்.

கண்ணாடிக் கதவு, டோக்கன் இயந்திரம், வரிசையாக ஆறு நாற்காலி, கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் சாம்பல் நிறக் கதவு. அதற்குள்தான் போனைப் பிரிக்கும் அறை. அங்கே இருந்த டெக்னீஷியனை எல்லோரும் ஊசி என்று கூப்பிட்டார்கள். ஆளும் ஊசி மாதிரி. காதிலும் எப்போதும் ஒரு ஊசி செருகியிருக்கும். சிம் கார்டை வெளியே எடுக்கிற ஊசி. அதே ஊசியால் பல் குத்துவான். குத்திவிட்டு, துடைக்காமல், அடுத்தவர் போனில் நுழைப்பான். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ரசீதம்மாவுக்கு அருவருப்பில் நாக்கின் அடியில் எச்சில் ஊறும்.

"கையாவது கழுவக்கூடாதாடா?"

"போனுக்கு என்னக்கா, வயித்துவலியா வரப்போகுது?"

அவள் வேலையில் கஷ்டமானது ஒரே ஒரு வாக்கியம். அதைக் கம்பெனி ஓர் அட்டையில் அச்சடித்தே கொடுத்திருந்தது. 'உங்கள் போனின் சாஃப்ட்வேர் மாற்றப்பட்டுள்ளதால் வாரண்டி செல்லாது.'

விஷயம் இதுதான். ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு பூட்டு உண்டு. கையால் தொடுகிற பூட்டல்ல. கம்பெனி போட்டு அனுப்பிய சாஃப்ட்வேரை வெளியாள் யாரும் மாற்றிவிடாமல் காவல் இருக்கிற பூட்டு. அதை உடைத்து வேறு சாஃப்ட்வேரை ஏற்றினால் உள்ளே ஒரு தழும்பு விழும். பிறகு பழையதையே திரும்ப ஏற்றினாலும், அழித்தாலும், அழுதாலும் அந்தத் தழும்பு போகாது. கவுண்டரில் இருக்கும் இயந்திரத்தோடு கேபிளை மாட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். கடை பில் மாதிரி ஒரு சீட்டு வரும்; போனின் எண், தேதி, நேரம், கடைசியில் ஒரே ஒரு சொல். 'அசல்' அல்லது 'மாற்றம்'.

தெரிந்தே உடைப்பவர்களும் வருவார்கள். போன வருடம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். கம்பெனி வைத்திருந்த வேண்டாத விளம்பரங்களைத் தூக்குவதற்காகப் பூட்டை உடைத்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். அவன் போனின் திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. "கோட்டுக்கும் நான் பண்ணதுக்கும் என்னக்கா சம்பந்தம்? அது ஸ்க்ரீன், இது சாஃப்ட்வேர்" என்றான். ரசீதம்மா அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

கேபிள் மாட்டுவதில் மேனேஜர் ஒரு முறை வைத்திருந்தார். போன் முதலில் சாம்பல் கதவுக்குள் போக வேண்டும். உள்ளே பார்த்து, வெளியே வந்த பிறகே கவுண்டரில் கேபிள். "முன்னாடியே மாட்டினா போன்ல இருக்கிற தூசி மெஷினுக்குள்ள போயிடும்மா. மெஷின் விலை என்ன தெரியுமா?" என்றார். இரண்டு வருடமாக அவளும் தூசி என்றே நம்பினாள்.

வாரண்டி இல்லை என்று திருப்பிய போன்கள் பெரும்பாலும் அங்கேயே காசுக்குப் பழுது பார்க்கப்படும். எந்த மாதம் அப்படி நிறையத் திரும்புகிறதோ அந்த மாதம் மேனேஜர் ஒரு கேக் வாங்கி வெட்டுவார். கேக்கின் மேல் 'சிறந்த கவுண்டர்' என்று எழுதியிருக்கும். ரசீதம்மா மீதியைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போவாள். மகள் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் க்ரீமை விரலால் வழித்துச் சாப்பிடுவாள்.

கணவனுக்குப் பேக்கரியில் வேலை. காது மடலில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

"இந்த எழுத்தே நான் எழுதினதுதான். உனக்குன்னு தெரிஞ்சிருந்தா தப்பில்லாம எழுதியிருப்பேன்."

"எங்க தப்பு?"

"'சிறந்த'வுல புள்ளியை ரெண்டு தடவை வெச்சுட்டேன். உங்க மேனேஜர் கண்டுபிடிச்சாரா? அந்த ஆளு எழுத்தைப் பார்க்க மாட்டார், எடையைத்தான் பார்ப்பார்."

அன்றும் கேக் நாள். காலையிலேயே பெட்டி வந்து மேனேஜர் மேசையில் உட்கார்ந்துவிட்டது. பத்தே முக்காலுக்குப் பதினோராம் எண் டோக்கனோடு ஓர் அம்மாள் கவுண்டருக்கு வந்தாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் வெந்நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ரெண்டு வாரமா கீழ்ப்பாதி செத்துப்போச்சு கண்ணு. மேல தொட்டா வேலை செய்யுது, கீழ தொட்டா அசைய மாட்டேங்குது. நான் ஆஸ்பத்திரி லாண்டரியில இருக்கேன். எங்க வார்டுல கூட இப்படி ஒரு கேஸ் வந்ததில்ல."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரசீதம்மாவும் சிரிக்கப் போனவள், அப்படியே நின்றாள். அந்த அம்மாள் போனை ஒரு துணி உறையிலிருந்து எடுத்தாள். உறையின் மூலையில் சிவப்பு நூல். நாற்பத்தேழு.

"இது… என்ன நம்பர்மா?"

"என் நம்பர். லாண்டரியில ஆளுக்கொரு நம்பர். நம்ம சொந்தத் துணியும் அங்கயே கிடக்கும்ல, கலந்துடக் கூடாதுன்னு தைச்சு வெச்சிருப்போம். பழக்கதோஷம், இப்ப கண்டதுலயும் தைச்சுடறேன்."

அதே குரல்தான். கீழே இருந்து 'வெச்சுக்கோ' என்று சொன்ன குரல்.

சொல்லிவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். கை எதையாவது செய்ய வேண்டும் போல் பரபரத்தது. அந்தப் பரபரப்பில் ரசீதம்மா இரண்டு வருடத்தில் செய்யாத தப்பைச் செய்தாள். போனை வாங்கியதும் கேபிளை எடுத்து மாட்டிவிட்டாள். இயந்திரம் சீட்டைத் துப்பியது. பழக்கத்தில் கிழித்துக் கம்பியில் குத்தினாள். 10.48. அசல்.

"அசல்தான்மா. வாரண்டி இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. கவலைப்படாதீங்க."

"கவலை எல்லாம் டியூட்டிக்குத்தான். எப்ப வரணும்னு போன்லதான் மெசேஜ் வரும். வரேன்னு அமுக்கணும். அந்தப் பட்டன் கீழ்ப்பாதியில இருக்கு. நான் அமுக்கலைன்னு வேற ஆளைப் போட்டுடறாங்க. ஆறு டியூட்டி போச்சு. ஏழாவதும் போனா என்னையே மாத்திடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உள்ள என் பேரன் சிரிப்பு இருக்கு கண்ணு. முதல் சிரிப்பு, நானே எடுத்த வீடியோ, வேற எங்கயும் இல்ல. அதை மட்டும் பத்திரமா பார்த்துக்கோ."

போன் சாம்பல் கதவுக்குள் போயிற்று. நாலு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினாள். ஆண்டவனே, இத்தனை வருடம் கழித்து என்னிடமே அனுப்பி வைத்தாயே என்று மனதுக்குள் கும்பிட்டாள். ஒரு நல்ல காரியம் தானாக நடக்கப்போகிறது என்ற நிம்மதியில் மதியச் சாப்பாடுகூட ருசித்தது.

இரண்டே காலுக்கு ஊசி அந்தப் போனைக் கதவிடுக்கு வழியாக நீட்டினான். மேலே சிவப்புத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'லாக் உடைந்துள்ளது.'

"இதுவா? இருக்காதே."

"கேபிளைப் போட்டுப் பாருங்க."

மாட்டினாள். சீட்டு வந்தது. 2.16. மாற்றம்.

முதலில் இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்தாள். கம்பியிலிருந்து காலைச் சீட்டை உருவி எடுத்து மதியச் சீட்டின் பக்கத்தில் வைத்தாள். அதே போன். அதே எண். நடுவில் மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரமும் போன் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். ஊசி நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"இந்தப் போனை என்னடா பண்ணினே?"

"என்னக்கா புதுசா கேக்கறீங்க? கேபிளை மாட்டி ஒரு தட்டு. அவ்வளவுதான். லாக் உடைஞ்சிடும்."

"நீயா உடைச்சே?"

"மேனேஜர் லிஸ்ட் குடுப்பாரு. ஸ்க்ரீன், போர்டுன்னு செலவு பெருசா இருக்கிறதா பார்த்து மாசம் ஒண்ணு ரெண்டு. நீங்க வெளிய உங்க பாட்டைப் பாடுவீங்க, அவங்க காசு குடுத்துச் சரி பண்ணிட்டுப் போவாங்க. ரெண்டு வருஷமா சேர்ந்துதானே பண்றோம்?"

சேர்ந்து. அந்தச் சொல் அவள் மேல் எச்சிலாக விழுந்தது.

"உள்ள இருந்ததெல்லாம்?"

"லாக் உடைஞ்சா எல்லாம் அழிஞ்சிடும்க்கா. அது போனோட ரூலு, நான் போட்டதில்ல." ஊசியை நாக்கில் ஈரப்படுத்திக் காதில் செருகிக்கொண்டான். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? அடக் கடவுளே. நான் உங்களைப் பெரிய ஆளுன்னுல்ல நெனச்சேன்."

அவள் கழிவறைக்கு ஓடினாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. வாய் கொப்பளித்தாள். கை கழுவினாள். திரும்பவும் கழுவினாள். சோப்பில் எலுமிச்சை வாசனை. அந்த வாசனைகூடப் பொய்யாக இருந்தது. அந்த வாக்கியத்தை எத்தனை முகங்களிடம் சொல்லியிருப்பாள்? சத்தியம் பண்ணிய ஒரு தச்சர், அழுத ஒரு நர்ஸ், 'எனக்குப் போனை ஆஃப் பண்ணவே தெரியாது, நான் எப்படிம்மா மாத்துவேன்' என்று கேட்ட ஒரு கிழவர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எண்ணி ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் முகம் சுளித்தவள் அவள்தான். நாற்றம் அவர்களிடமிருந்து வரவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. மகள் வழித்துச் சாப்பிட்ட க்ரீம் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடியும் குனிந்தாள்.

வெளியே வந்தபோது மேனேஜர் கவுண்டரில் நின்று இரண்டு சீட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டியாகிவிட்டது போலிருக்கிறது. கட்டை விரலில் ரோஸ் நிற க்ரீம். அதை நக்கிக்கொண்டே பேசினார்.

"கேபிளை முன்னாடி மாட்டாதேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"தூசின்னு சொன்னீங்க சார்."

"சரி, ஆனது ஆச்சு. காலைச் சீட்டை ரத்து பண்ணிடு. உன் பாஸ்வேர்டைப் போட்டாத்தான் ரத்தாகும். ஆறு மணிக்கு மெஷின் எல்லாத்தையும் தலைமை ஆபீஸுக்கு அனுப்பிடும். அதுக்குள்ள முடி."

நக்கிய விரலைக் காலைச் சீட்டின் மேலேயே வைத்துத் தள்ளினார். 'அசல்' என்ற சொல்லின் மேல் எண்ணெய்க் கறை பரவியது. ரசீதம்மா அந்தச் சீட்டை ஓரம் பிடித்து எடுத்து, காகிதக் கைக்குட்டையால் ஒற்றி, மதியச் சீட்டோடு சேர்த்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"யோசிச்சுக்கோம்மா. பொண்ணு படிக்குது. வீட்டுக்காரர் மாவு பிசையறாரு. இந்த நாற்காலிக்கு வெளிய நாப்பது பேர் நிக்கிறாங்க."

 அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் குமட்டல் பெரிதாக இருந்தது. இந்த ஒரு முறை பாஸ்வேர்டைப் போட்டால் இனி வாழ்நாளெல்லாம் இந்தக் குமட்டலோடுதான் சாப்பிட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

நாலு மணிக்கு லாண்டரி அக்கா வந்தாள். கையில் பிஸ்கட் பொட்டலம்.

"காலையில உன் முகம் வாடியிருந்துச்சு, சாப்பிடலையோன்னு வாங்கிட்டு வந்தேன். என்ன கண்ணு, சரியாச்சா?"

மேனேஜர் ரசீதம்மாவின் பின்னால் வந்து நின்றார். அட்டையை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். கழுத்துக்குப் பின்னால் இனிப்பு மூச்சு பட்டது.

அவள் அட்டையைக் குப்புறக் கவிழ்த்தாள். இழுப்பறையைத் திறந்து இரண்டு சீட்டுகளையும் எடுத்து லாண்டரி அக்காவின் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இது காலையில நீங்க குடுத்தப்ப எடுத்தது. இது மதியம் எடுத்தது. காலையில உங்க போன் நல்லா இருந்துச்சு. நடுவுல எங்ககிட்டதான் இருந்துச்சு. சாஃப்ட்வேரை மாத்தினது நீங்க இல்லை, நாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜர் சிரித்தார்.

"மெஷின் கோளாறும்மா. இவங்களுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லை."

"உடம்பு சரியில்லைதான் சார். ரெண்டு வருஷமா."

லாண்டரி அக்கா இரண்டு சீட்டுகளையும் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். கேட்டது ஒன்றுதான்.

"அப்ப பேரன் சிரிப்பு?"

"அழிஞ்சிடுச்சும்மா." ரசீதம்மா போனை அவள் பக்கம் நகர்த்தினாள். "அதைத் திருப்பிக் கொடுக்க என்னால முடியாது."

 அந்த அம்மாளின் வெளுத்த விரல்கள் துணி உறையின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தன. பிறகு மூச்சை இழுத்துவிட்டாள்.

"சரி. சிரிச்சவன் இருக்கான். திரும்பச் சிரிக்க வெச்சு எடுத்துக்கலாம்." மேனேஜரைப் பார்த்தாள். "ஐயா, உங்க கையில என்ன ஒட்டியிருக்கு? க்ரீமா? தொடைச்சுக்கோங்க. எங்க லாண்டரிக்கு எல்லாக் கறையும் வரும். அன்னன்னைக்கே துவைச்சாப் போயிடும். காய விட்டா, அப்புறம் துணியைக் கிழிச்சாலும் போகாது."

மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பெரிய வாடிக்கையாளர்கள் வந்தால் இரவல் கொடுப்பதற்கென்று இரண்டு போன்கள் இழுப்பறையில் இருந்தன. ரசீதம்மா அதில் ஒன்றை எடுத்தாள். லாண்டரி அக்காவின் சிம்மைப் போட்டு, 'வரேன்' பட்டன் எங்கே என்று காட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் அங்கேயே அமுக்கிப் பார்த்து, "ஏழாவது தப்பிச்சுது" என்றாள்.

அப்போதும் ரசீதம்மா துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடும். முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் சொல்ல வேண்டிய உண்மைதான் அது. துண்டு தனிக் கடன்.

ஐந்தே முக்காலுக்கு மேனேஜர் கடைசியாக ஒரு முறை வந்தார். குரல் இப்போது கெஞ்சியது.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சா?"

"ஞாபகம் இருக்கு சார்."

"அப்பப் போடேன்."

"போட மாட்டேன்."

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மனதுக்குள் ஜெபித்தாள். ஆறு மணிக்கு இயந்திரம் ஒரு முறை கிர்ரென்றது. எல்லாம் போய்விட்டது.

அன்று அவள் கேக் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நடந்ததைச் சொன்னதும் கணவன் கொஞ்ச நேரம் காதில் இருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வேலை போனா என்ன பண்றது?"

"தெரியல."

"எங்க கடையில க்ரீம் பூச ஆள் வேணும்னாங்க." அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு உடனே சொன்னான்: "சரி சரி, க்ரீம் வேணாம். பன்னு."

வேலை போகவில்லை. அடுத்த வாரம் தலைமை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊசியின் கணினியில் தட்டின தட்டெல்லாம் தேதியோடு பதிந்திருந்தது. முப்பத்தொரு போன். எல்லாவற்றுக்கும் வாரண்டி உண்டு என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. வெளியே யாரிடமும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. ஊசி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மறுபடி பல் குத்த ஆரம்பித்தான். மேனேஜருக்கு வேறு கிளைக்கு மாற்றல். அது இதைவிடப் பெரிய கிளை. மேலும் கீழும் இரண்டு தளமாம். கேட்டதும் ரசீதம்மாவுக்கு அதே பழைய எச்சில் ஊறிற்று. எல்லா அசிங்கத்தையும் தன் ஒரு கையால் துடைத்துவிட முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முழுதாகத் தேறவில்லை.

அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். "உங்களுக்கு இனிமே டென்ஷன் வேண்டாம்" என்று புது மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்பக்க ஸ்டோர் அறையில் பெட்டி கட்டும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. அட்டைப் பெட்டி வாசனை. ஆள் வருவதே இல்லை.

அங்கே உட்கார்ந்துதான் முப்பத்தொரு பேருக்கும் அவளே போன் செய்தாள். தச்சர் நம்பவில்லை. நர்ஸ் திட்டினாள்; திட்டி முடிக்கும்வரை ரசீதம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கிழவரின் எண்ணை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

ஒரு மதியம் சும்மா இருந்த நேரத்தில் கம்பெனியின் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். வாரண்டிப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் பழைய மேனேஜர் விலைப்பட்டியலை ஒட்டியிருந்தார். நகத்தால் பிரித்தாள். அடியில் ஒரு வரி. சாஃப்ட்வேர் மாற்றத்தால் விளைந்த பழுதுகளுக்கு மட்டுமே வாரண்டி செல்லாது. தொடர்பில்லாத உறுப்புப் பழுதுகளுக்குச் செல்லும். பச்சைக் கோடு விழுந்த போனோடு வந்த மாணவன் கேட்டதும் இதைத்தானே? அவன் பூட்டை நிஜமாகவே உடைத்தவன், அந்த முப்பத்தொரு பேர் பட்டியலில் இல்லாதவன். பட்டியலின் கடைசியில் முப்பத்திரண்டு என்று போட்டு அவன் எண்ணையும் எழுதினாள்.

லாண்டரி அக்காவுக்குப் புதுப் போன் ஒன்று வந்து சேர்ந்தது. மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி, கவுண்டரில் இருந்த புதுப் பெண் தகவல் அனுப்பினாள்.

அன்று மாலை ரசீதம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து துண்டை எடுத்துத் துவைத்தாள். மகளுக்கு இப்போது எட்டு வயது. வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"சுத்தமாத்தானேம்மா இருக்கு? ஏன் துவைக்கிற?"

"ஒருத்தங்களோடது. திருப்பிக் கொடுக்கணும்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல."

மகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்டோர் அறையில் புதுப் போனைப் பெட்டிக்குள் வைத்தாள். சார்ஜர், கையேடு, வாரண்டிக் காகிதம். எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கவுண்டரிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. "எங்க வார்டுல இப்ப எல்லாரும் இந்தப் போனைத்தான் விசாரிக்கிறாங்க கண்ணு." அந்தக் குரலேதான்.

எழுந்து போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

காகிதப் பையை விரித்தாள். நாலாக மடித்த துண்டை, சிவப்பு எண் மேலே தெரியும்படி, அடியில் வைத்தாள். கையால் ஒரு முறை அழுத்திவிட்டாள். அதன்மேல் பெட்டியை வைத்து, பையின் வாயை மூடி, போனுக்கான சீட்டை வெளியே ஒட்டினாள். கதவிடுக்கு வழியாகப் பையை நீட்டினாள். புதுப் பெண்ணின் கை வந்து வாங்கிக்கொண்டது.

துண்டுக்கு மட்டும் ரசீதம்மா சீட்டுப் போடவில்லை.